மூக்கை நம்பித் திறக்கும் கிடங்கு

மன்னார்குடிப் பக்கம் ஒரு நவீன அரிசி ஆலையில் கணக்கெழுதும் எனக்கு, மூட்டைகளுக்கு மருந்து வைப்பது என்பது நெடுங்காலம் செலவுப் புத்தகத்தில் ஒரு வரி மட்டுமே. சென்ற கார்த்திகையில் இருப்பைச் சரிபார்ப்பதற்காக, மருந்து வைத்து மூடிய கிடங்கைத் திறக்கும்போது உடன் சென்றேன். மேஸ்திரி கதவருகே நின்று இருமுறை மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, “வாடை போயிருச்சு தம்பி, வாங்க” என்றார். அரை மணி நேரத்தில் எனக்குத் தலை சுற்றியது. மூட்டை தூக்கிய ஒருவர் வெளியே ஓடி வாந்தி எடுத்தார்.

அந்த மருந்து அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. காற்றின் ஈரம் பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் வாயு வெளிப்பட்டு வண்டுகளைக் கொல்லும். ஈரமும் வெப்பமும் கூடினால் இன்னும் விரைவாக வெளிப்படும். பூண்டு போன்ற அதன் வாடை பெரும்பாலும் கலப்புப் பொருள்களுடையது. தூய பாஸ்பீனுக்கு மணமில்லை. ஆகவே வாடை அடங்கிய பிறகும் வாயு நின்றிருக்கலாம். இதற்குத் தனி முறிமருந்தும் கிடையாது.

தொழிற்சாலைகள் சட்டம் 1948 பற்றி அதன் பிறகுதான் படித்தேன். போபால் பேரழிவுக்குப் பின் 1987-இல் அதில் சேர்க்கப்பட்ட 41எஃப் பிரிவு, வேலையிடக் காற்றில் எந்த நச்சு எவ்வளவு இருக்கலாம் என்று எண்ணில் வரையறுத்தது. பாஸ்பீனுக்கு எட்டு மணி நேரச் சராசரியாகப் பத்து லட்சம் பங்கு காற்றில் 0.3 பங்கு, அதாவது கன மீட்டருக்கு 0.4 மில்லிகிராம். மூன்று கிராம் மாத்திரை ஒன்று ஒரு கிராம் வாயு தரும். கணக்கன் புத்தி சும்மா இருக்கவில்லை, வகுத்துப் பார்த்தேன்: 50 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் 5 மீட்டர் உயரமும் கொண்ட மூடிய கிடங்கு முழுவதையும் அந்த எல்லைக்குக் கொண்டுபோக ஒரே ஒரு மாத்திரை போதும். நாங்கள் வைப்பது டன்னுக்கு மூன்று.

அதே சட்டத்தின் 36-ஆம் பிரிவு, நச்சுப்புகை தங்கக்கூடிய அடைபட்ட இடத்துக்குள் நுழையுமுன் தகுதியுள்ளவர் தாமே சோதித்து எழுத்தில் சான்றளிக்க வேண்டும், இல்லையேல் உள்ளே போகிறவர் சுவாசக் கருவியும் இடுப்பில் கயிறும் அணிந்து, கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும் என்றது. எங்களிடம் இருந்தவை துணி முகக்கவசங்கள். அவை உமித்தூசியை ஓரளவு தடுக்கும், வாயுவைத் தடுக்கா.

2025 நவம்பர் 21 முதல் அச்சட்டத்தின் இடத்தைத் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்பு என்ற புதிய சட்டம் பிடித்துவிட்டது. மின்விசையில் இயங்கும் ஆலை தொழிற்சாலையாகக் கொள்ளப்பட முன்பு 10 பேர் போதும், இப்போது 20 பேர் வேண்டும். டெல்டாவின் சிறிய ஆலைகளை நினைத்தால் இது எனக்கு உவப்பாக இல்லை. சுமைதூக்குவோர் ஒப்பந்தக்காரரின் ஆட்கள், நம் கணக்கில் வரமாட்டார்கள் என்று ஆலைகளில் சொல்வதும் தவறு: ஒப்பந்தக்காரர் வழியே வருபவரையும் பழைய சட்டமே தொழிலாளி என்றுதான் எண்ணியது.

எங்கள் கிடங்குப் பதிவேட்டில் மூடிய நாள், திறந்த நாள் என்ற இரு கட்டங்களே இருந்தன. வாயு அளவு, அளந்தவர் கையொப்பம் என இன்னும் இரண்டை நானே கோடு போட்டுச் சேர்த்திருக்கிறேன். அளவுக்கருவி வாங்குவதைச் சம்பா அறுவடைக்குப் பிறகு பார்க்கலாம் என்கிறார் முதலாளி. அறுவடை முடிந்தால் கிடங்கு நிறைந்துவிடும், மருந்தும் வைத்தாக வேண்டும்.