மார்கழி மாவின் ஈரம்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழிக் காலையில், நான் தட்டிப் போட்ட அதிரசம் எண்ணெய்க்குள் இறங்கிய மறுகணமே மேலெழும்பாமல் விரிந்து, துளித்துளியாகப் பிரிந்து, கண்ணெதிரே கரைந்து போயிற்று. அடுத்ததும் அப்படியே ஆயிற்று. மூன்றாவதைப் போடும் துணிவு எனக்கு இல்லை. வீட்டின் உட்பகுதியான இரண்டாங்கட்டிலிருந்து வந்து எட்டிப் பார்த்த ஆத்தா, சட்டியில் மிதந்த பழுப்பு நுரையைக் கண்டும் எந்தக் குறையும் சொல்லாமல், "அரிசி உலத்துன அன்னைக்கு மழை பேஞ்சுச்சா?" என்று மட்டும் கேட்டார்கள். பெய்திருந்தது. அந்த ஒரு கேள்விக்குள் மார்கழிச் சமையலின் பாடம் முழுவதும் அடங்கியிருந்தது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு இன்னும் ஓர் ஆண்டு பிடித்தது.

எங்கள் செட்டிநாடு வெயிலுக்குப் பழகிய சீமை. ஆண்டின் பெரும்பகுதி காற்று காய்ந்தே இருக்கும்; வீட்டு நடுமுற்றமான வளவு வாசலில் விரித்த வற்றல் ஒரே நாளில் கலகலக்கும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்ட பிறகு கார்த்திகை, மார்கழி வரையில் மட்டும் நிலைமை மாறுகிறது. மலைநாட்டார் கேட்டால் சிரிக்கும் அளவுக்குத்தான் இங்கே குளிர். ஆயினும் விடியற்காலையில் ஆத்தங்குடித் தளக்கல் பதித்த தரை காலைச் சில்லிட வைக்கும், உப்புச் சாடியில் நீர் கோத்துக்கொள்ளும், தேங்காய் எண்ணெய் உறையும். பலகார வேலை மிகுதியாக வரும் பருவமும் இதுவே என்பதுதான் வேடிக்கை. கார்த்திகைப் பொரியில் தொடங்கி, பிள்ளையார் நோன்பு, பிள்ளைகளின் அரையாண்டு விடுமுறை, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என்று அடுப்படிக்கு ஓய்வே கிடையாது.

அதிரசத்துக்கே திரும்புகிறேன். ஒரு கிலோ பச்சரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. அரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, வெள்ளைத் துணியில் பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும். எவ்வளவு நேரம் உலர்த்துவது என்பதற்குக் கடிகாரம் உதவாது. பங்குனியில் அரை மணி நேரத்தில் கைக்கு ஒட்டாமல் உதிரும் அரிசி, மார்கழியில் ஒன்றரை மணி நேரம் கழித்தும் ஈரம் கசியக் கிடக்கும். அள்ளிப் பிடித்தால் உள்ளங்கையில் ஈரம் தெரிய வேண்டும், ஆனால் நீர் ஒட்டக்கூடாது. இடித்துச் சலித்த மாவைப் பிடித்தால் கொழுக்கட்டைபோல நிற்க வேண்டும், விரலால் தொட்டால் உதிர வேண்டும். அன்று நான் சமையல் குறிப்பில் கண்ட அரை மணி நேரத்தை அப்படியே நம்பினேன். மாவுக்குள் மிஞ்சியிருந்த நீர், பாகின் பதத்தையும் இளக்கிவிட்டது.

அதிரசத்தில் நீர் இரண்டு வழிகளில் வருகிறது: மாவின் ஈரமாக ஒன்று, பாகின் நீராக மற்றொன்று. இரண்டும் சேர்ந்துதான் மாவின் பதத்தை முடிவு செய்கின்றன. ஆகையால் மாவு சற்று ஈரமாக இருக்கும் நாளில் பாகை ஒரு படி கூடுதலாக இறுக்க வேண்டும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் கூட்டினால் மெத்தென்று உருள்வது வழக்கமான பதம். மழை நாளில் அந்த உருண்டை இன்னும் கொஞ்சம் திடமாக நின்ற பிறகே நான் இப்போது அடுப்பிலிருந்து இறக்குகிறேன். மாறாக, பாகு முறுகிப் போய் மாவு கல்லாக இறுகிவிட்டால் வெதுவெதுப்பான பாலை ஒரு கரண்டி தெளித்துப் பிசைந்து சரிசெய்துவிடலாம். இளகிய மாவுக்கு அவ்வளவு எளிய வைத்தியம் இல்லை. காய்ந்த அரிசி மாவைத் தூவிப் பிசைந்தால் எண்ணெயில் கரையாமல் நிற்கும், ஆனால் தின்னும்போது பச்சை மாவு நாக்கில் தட்டும். கடையில் விற்கும் தயார் அதிரச மாவை வாங்கிச் சுட்டுவிட்டு வீட்டுப் பலகாரம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை. பிறர் அப்படிச் செய்வதில் எனக்கு வழக்கும் இல்லை.

இந்த ஈரக் கணக்குக்கெல்லாம் பிடிகொடுக்காத பலகாரம் ஒன்று உண்டென்றால் அது வெள்ளைப் பணியாரம்தான். ஓர் உழக்குப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அந்த அரிசியின் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்தால் எவ்வளவு நிற்குமோ அவ்வளவு உளுந்து. அளவு இதுதான், என் அப்பத்தா காலத்திலிருந்து ஒரு பருப்பும் கூடியதில்லை, குறைந்ததில்லை. இரண்டையும் சேர்த்து ஊறவைத்து, வெண்ணெய்போல ஆட்டி, உப்பும் சிட்டிகைச் சர்க்கரையும் கொஞ்சம் பாலும் சேர்த்து உடனே ஊற்றிவிட வேண்டும். புளிக்க விடவே கூடாது என்பதால் குளிர் இதை ஒன்றும் செய்ய முடியாது. கரண்டியால் ஒன்றே ஒன்றாக ஊற்ற வேண்டும்; அடியில் போய் அமர்ந்து, உப்பி மேலே வந்ததும் திருப்பிப் போட்டு, நிறம் மாறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். ஓரம் சிவந்துவிட்டால் பெயரே பொய்யாகிவிடும். கூடவே வரமிளகாய்த் துவையல் காரமாக இருந்தால், பனி விழும் காலையில் வேறு எதுவும் வேண்டியதில்லை.

இட்லி மாவின் பாடு வேறு. வெயில் காலத்தில் எட்டு மணி நேரத்தில் பொங்கும் மாவு இப்போது பன்னிரண்டு மணி நேரம் கேட்கிறது. உப்பு நொதிப்பை மந்தப்படுத்தும் ஆகையால் மார்கழியில் மாவு பொங்கிய பிறகே உப்புப் போடுகிறேன். பானையை அணைத்த அடுப்பின் ஓரம் நகர்த்தி வைப்பதும் உண்டு. ரொட்டிக்குப் பிசைந்த மாவுக்கும் இதே உபசாரம்தான். ஓவனைச் சூடாக்காமல் அதன் விளக்கை மட்டும் எரியவிட்டு உள்ளே வைத்தால், விளக்கின் இளஞ்சூட்டிலேயே ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடுகிறது.

பிள்ளையார் நோன்பு நெருங்கும்போது வீட்டுக்குள் கருப்பட்டி வந்து சேரும். திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தொரு நாள் கணக்கிட்டு, சஷ்டியும் சதயமும் கூடும் நாளில் வருகிற நோன்பு இது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாள்களுக்குச் சற்று முன்பின்னாக அமையும். புது வேட்டியின் நூலில் இருபத்தொரு இழை சேர்த்துத் திரித்த திரியை, வெல்லம் கலந்த பச்சை மாவுருண்டையில் நெய்யோடு பதித்து ஏற்றி, வீட்டுப் பெரியவர் கொடுக்க, அந்தச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்வோம். வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்துச் சூலி இரண்டாக எடுத்துக்கொள்வாள். சிறுவயதில் நெருப்பைக் கண்டு நான் அழுததாகவும், ஐயா தாம் முதலில் எடுத்துக் காட்டியதாகவும் சொல்வார்கள். அந்த இழைமாவும் ஊறவைத்து உலர்த்தி இடித்த ஈர மாவுதான். பாகு கூடிவிட்டால் உருண்டை நிற்காமல் திரி சாய்ந்துவிடும். ஆகையால் அன்று காலையில் மாவைப் பிடித்துப் பார்ப்பது என் வேலை, சரி சொல்வது ஆத்தாவின் வேலை.

கருப்பட்டியை ஒருபோதும் நேராக மாவில் சேர்க்கக்கூடாது. நீரில் கரைத்து, ஒரு கொதி விட்டு, மெல்லிய துணியில் வடிகட்டினால் அடியில் மணல் தங்குவதைக் காணலாம். எங்கள் வீடுகளின் சுவர்களுக்குப் பூசிய சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காயோடு கருப்பட்டியும் சேர்ந்திருக்கிறது என்பார்கள்; பணியாரத்துக்கு வடிகட்டும்போதெல்லாம், சுவருக்குப் போட்டவர்கள் மணலைப் பற்றிக் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றும். ஆறிய கருப்பட்டிப் பாகில் ஈர அரிசி மாவைக் கரைத்து ஓரிரவு வைத்திருந்து, மறுநாள் மிதமான தீயில் ஊற்றினால் பணியாரம் ஓரம் மொறுமொறுப்பாகவும் நடுவில் மெத்தென்றும் வருகிறது.

ஓவன் எங்கள் வீட்டுக்கு வந்தது அண்மையில்தான். அதற்கு முன் கேக் என்றால், மணல் பரப்பிய கனத்த சட்டிக்குள் முக்காலி வைத்து, அதன்மேல் தட்டை ஏற்றி, மூடியின் மேல் தணலைக் கொட்டிச் சுட்டதுதான். எங்கள் தெருவில் கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டுவந்து தரும் ஒரு வீட்டார் உண்டு. பதிலுக்கு நாங்கள் ஓலைக் கொட்டான் நிறையப் பணியாரமும் சீப்புச் சீடையும் அனுப்புவோம். சென்ற ஆண்டு பதிலுக்கும் கேக்கே அனுப்பிப் பார்ப்போம் என்று கருப்பட்டியில் முயன்றேன். வடிகட்டிய 200 கிராம் கருப்பட்டிப் பாகு, 100 கிராம் வெண்ணெய், இரண்டு முட்டை, கொஞ்சம் தயிர், 150 கிராம் கோதுமை மாவு, 50 கிராம் கவுனி அரிசி மாவு, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, சமையல் சோடா அரைத் தேக்கரண்டி. கவுனி அரிசி வெந்தால் ஒட்டுமே தவிர, மாவை இழுத்துப் பிடிக்கும் குளூட்டன் என்ற கோதுமைப் புரதம் அதில் இல்லை. ஆகவே அதை மட்டுமே போட்டால் கேக் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். கோதுமை அதற்குத் துணை நிற்கிறது.

முதல் கேக்கை நூல்களில் சொல்லும் 180 டிகிரியில் வைத்தேன். மேல்புறம் கறுத்துவிட்டது, நடுவில் குத்திய ஈர்க்குச்சியில் மாவு ஒட்டியது. கருப்பட்டியும் வெல்லமும் வெள்ளைச் சர்க்கரையைவிட விரைவில் கருகும் என்பது பாகு காய்ச்சுகிற எவருக்கும் தெரிந்த செய்தி. அடுப்பில் அறிந்ததை ஓவனுக்கு முன்னால் நின்றபோது மறந்துபோனேன். இரண்டாம் முறை 160 டிகிரியில் ஐம்பது நிமிடம் வைத்தபோது கேக் நன்றாக எழும்பி வந்தது. கருப்பட்டி காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் இயல்புடையது. அதிரசத்தில் என்னை அலைக்கழித்த அதே ஈரம் இந்தக் கேக்கை நான்கு நாள் வரை காயவிடாமல் காத்தது. அந்த வீட்டம்மாள் மறுநாள் வாசலில் நின்று, "ஆச்சி, பணியாரத்தை எதுக்கு ஓவன்ல வச்சீங்க?" என்று கேட்டார்கள். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

தேன்குழலும் கைமுறுக்கும் பற்றி ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். நன்றாக ஆறும் முன் தகர டப்பாவில் போட்டு மூடினால், ஆவி மூடியில் நீராகி முறுக்கின் மேலேயே விழுந்து, இரண்டே நாளில் நமத்துப் போகும். ஆறிய பின்பும் வெகுநேரம் வெளியே விட்டால் மார்கழிக் காற்று அதே வேலையைச் செய்துவிடும். ஆறியதும் மூட வேண்டும், மூடியதைப் பிள்ளைகள் மூச்சுக்கு ஒருமுறை திறக்காமல் காவல் காக்க வேண்டும். இரண்டாவதில் நான் இதுவரை வென்றதில்லை.

இந்த ஆண்டு அதிரசத்துக்கு ஊறிய அரிசி இப்போது பட்டாலைக் கூடத்தில் துணிமேல் கிடக்கிறது. ஒன்றே கால் மணி நேரம் ஆகிவிட்டது. சற்றுமுன் ஒரு பிடி அள்ளிப் பார்த்த ஆத்தா, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, மின்விசிறியை இன்னும் ஒரு புள்ளி கூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.