ஆற்றுவாய்க் குறிப்புகள்

நவம்பர் 9

மட்டக்களப்பு வாவி ஏறுகிறது. பாலமீன்மடு வெளிச்சவீட்டுப் பக்கம் ஆற்றுவாய் இன்னும் அடைபட்டுத்தான் கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒரு மணல்மேடு, அவ்வளவுதான். கச்சான் என்ற தென்மேல் காற்று வீசும் மாதங்களில் தெற்கிலிருந்து வரும் அலை கரையோரமாக மணலை வடக்கே இழுக்கும். வாடை என்ற வடகீழ்க் காற்றில் அதே மணல் தெற்கே திரும்பும். மழையில்லாத காலத்தில் அதைத் தள்ளிவிட வாவிக்குப் பலம் கிடையாது. இந்தக் கரையில் கடலின் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் ஒரு மீற்றர்கூட வராது. ஆகவே வாயைத் திறந்து வைப்பதும் மூடுவதும் ஆற்று வெள்ளம்தான், கடல் பெருக்கு அல்ல.

நவம்பர் 11

வாடை எழும்பிவிட்டது. மழை பற்றாது.

நவம்பர் 14

இரவு முழுக்க ஒரே மழை. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் விதைத்த வேளாண்மை இப்போதுதான் பச்சை பிடித்திருக்கிறது. "எப்ப ஆத்துவாயை வெட்டுவாங்க?" என்பதே எல்லா வாயிலும்.

நேரம் பிசகினால் இரண்டு பக்கமும் நட்டம். வாவி நன்றாக ஏறும் முன் வெட்டினால் ஓட்டம் வலுக்காது. அலை மணலைத் திருப்பிக் கொண்டுவந்து மறுபடி அடைத்துவிடும். அதற்குள் வாவி வற்றி, உப்புத்தண்ணீர் உள்ளே ஏறிவிடும். பிந்தினால் வயல் மூழ்கும். இளம் பயிர் நாட்கணக்கில் தண்ணீருக்குள் கிடந்தால் அழுகும். வயல்காரப் போடியார் ஒன்று சொல்வார், இறால் பிடிக்கிறவர் வேறொன்று சொல்வார், இருவரும் பிழையில்லை.

வெட்டும் முறையும் முக்கியம். மேட்டுக்குக் குறுக்கே முதலில் ஒடுக்கமான கான் ஒன்றுதான் தோண்டுவது. வாவிப் பக்கம் ஒரு துண்டு மணலை விட்டுவைத்து, கடல் வற்றத் தொடங்கும் நேரம் பார்த்துக் கடைசியில் அதை உடைப்பது. தோண்டிய மணலைக் கானின் விளிம்பிலேயே குவித்தால் அது சரிந்து கானுக்குள்ளேயே விழும். மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் தூரத்தில்தான் கொட்ட வேண்டும். அகலமாக வெட்டத் தேவையில்லை. உயரத்திலிருந்து விழும் தண்ணீர் மிச்சத்தைத் தானே அறுத்துக்கொள்ளும்.

நவம்பர் 16

இன்றும் வெட்டவில்லை.

நவம்பர் 17

கிரான் – புலிபாய்ந்தகல் வீதிக்கு மேலால் தண்ணீர் பாய்கிறது. படகில்தான் போக்குவரத்து. குடும்பிமலை பார்க்க இந்த மாதத்தில் வெளிக்கிட வேண்டாம் என்று எத்தனை தரம் எழுதினாலும் யாராவது ஒருவர் வாகனத்தோடு வந்து நிற்கிறார்.

அந்த மலை 530 மீற்றரளவு உயரம். சமவெளியில் தனியே எழும்பி நிற்பதால் அதைவிடப் பெரிதாகத் தெரியும். மேலே மண் இருந்த காலம் போய், சுற்றியிருந்த பாறையெல்லாம் உக்கிக் கரைந்தபின் மிஞ்சிய வலுவான பகுதி அது. கிழக்கிலங்கையின் அடிப்பாறை பெரும்பாலும் விஜயன் தொகுதி என்ற பாறைக் கூட்டம். அந்தத் தீப்பாறைகள் 100 கோடி வருடத்துக்கும் முந்தியவை. இலங்கை அந்தாட்டிக்காவோடு ஒட்டிக் கிடந்த கொண்டுவானா காலத்தில் வெந்து நெரிந்து வரிவரியான நைஸ் என்ற பாறை ஆனவை. அவ்வளவு பழையதை மழையும் வெயிலும் இப்போதும் ஓடு ஓடாக உரிக்கின்றன. ஏறும்போது தட்டிப் பார்த்தால் டொக்கென்று வெற்றுச் சத்தம் கேட்கும் பலகை பிடிப்பு விட்டது, அதில் காலை வைக்கக்கூடாது. பாறையில் கறுப்பாக ஓடும் கோடுகள் பாசி. ஈரத்தில் சோப்புப்போல வழுக்கும். மே முதல் ஓகஸ்ட் வரை, விடியமுன் தொடங்கி, வெயில் ஏறமுன் இறங்குவது நல்லது. யானை நடமாட்டம் உள்ள வழி. ஊர் ஆள் ஒருவர் இல்லாமல் போகவே கூடாது.

நவம்பர் 18

உன்னிச்சைக் குளத்தில் வான்கதவு திறந்தாயிற்று. அந்தத் தண்ணீரும் இங்கேதான் வரும்.

நவம்பர் 19

வெட்டியாயிற்று!

காலையில் ஒருவர் தாண்டக்கூடிய கான். பின்னேரம் அக்கரையில் நிற்கிறவரின் முகம் தெரியவில்லை. விளிம்பு கீழாலே அரித்து, மேலே நிலம் உறுதியாகத் தெரியும்போதே பெரிய துண்டாக இடிந்து விழுகிறது. படம் எடுக்க நுனியில் போய் நிற்பவர்களைப் பார்க்க நெஞ்சு பதறுகிறது. குறைந்தது பதினைந்து மீற்றர் தள்ளி நில்லுங்கள். விழுந்தால் நீச்சல் உதவாது, நேரே கடலின் உடையும் அலைக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

கல்லடிப் பாலத்தடியில் நீர் மண்ணிறம். இறங்கத் தொடங்கிவிட்டது.

நவம்பர் 23

1978 சூறாவளியின் நாள். காற்று கொஞ்சம் பலத்தால் போதும், வயதானவர்கள் இன்றைக்கும் வாசலுக்கு வந்து தென்னைகளைப் பார்க்கிறார்கள்.

டிசம்பர் 2

பாசிக்குடாவுக்கு நத்தார் விடுமுறையில் வரலாமா என்று கேட்கிறார்கள். வரலாம், அறை கிடைக்கும், ஆனால் அந்தப் படங்களில் காணும் கண்ணாடித் தண்ணீர் கிடைக்காது. வெளியே பவளப்பார் அலையை உடைப்பதால்தான் குடா அமைதியாகவும், நெடுந்தூரம் இடுப்பளவாகவும் இருக்கிறது. வாடை அந்தக் காவலையும் தாண்டி மணலைக் கலக்கும். ஏப்ரல் முதல் செப்டெம்பர்தான் அதன் காலம். அப்போதும் பார்மேல் நடக்க வேண்டாம்: பவளம் உயிர், உடைந்தால் வளர வருடங்கள் எடுக்கும், கடல் முள்ளி ஏறினால் உங்கள் காலும் போய்விடும். அந்தப் பார் போனால் குடாவும் போகும். விடுதிச் சுவரைக் கடலுக்கு எவ்வளவு கிட்டக் கட்டலாம் என்று கணக்குப் பார்ப்பவர்கள் இதை முதலில் யோசிக்க வேண்டும்.

டிசம்பர் 3

ஆற்றுவாயின் வடகரை இன்னும் இடிகிறது.

டிசம்பர் 13

மழை விட்ட இடைவெளி. மகாஓயா வெந்நீர்க் கிணறுகளுக்கு இது நல்ல காலம், குளிருக்கு இதமாக இருக்கும். செங்கலடியிலிருந்து பதுளை வீதி, கரடியனாறு, புல்லுமலை தாண்டிப் போக வேண்டும். எரிமலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், இலங்கையில் உயிருள்ள எரிமலை கிடையாது. விஜயன் தொகுதியும் மலைநாட்டுத் தொகுதியும் சந்திக்கும் எல்லை அந்தப் பக்கமாகப் போகிறது. நாட்டின் வெந்நீரூற்றுகளில் பல அந்த எல்லையை ஒட்டியவை. மழைநீர் வெடிப்புகளால் ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள சூட்டில் கொதிப்பேறி, ஆறமுன் வேறொரு வெடிப்பால் மேலே வருகிறது. மேல்மட்டக் குளிர்நீர் எவ்வளவு கலக்கிறதோ அதன்படி பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளே வேறு வேறு சூடு. மிகச் சூடானதில் தண்ணீர் 50 பாகையையும் தாண்டும். வாளியில் அள்ளி, வெளியே ஆறவைத்து, முழங்கையால் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளுக்கு ஊற்ற வேண்டும். போயா நாளில் போனால் வரிசையில் நிற்க வேண்டிவரும்.

டிசம்பர் 26

நாவலடி.

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒடுங்கிய மணல்நாக்கு. அலைதான் போட்ட மணல் அது. சுமாத்திராவில் நிலம் அதிர்ந்து ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தில் 2004இல் கடல் அதற்கு மேலால் நடந்து போனது. பின்னால் ஓட மேடு இல்லை, வாவிதான் இருந்தது.

கல்லடியில் திருச்செந்தூர் முருகன் கோயிலின் சாய்ந்த கோபுரத்தைப் பார்க்க வருபவர்கள் செருப்பைக் கழற்றுவதோடு குரலையும் தாழ்த்துங்கள். இந்தக் கரையில் எங்கே தங்கினாலும், வந்தவுடன் உயரமான இடத்துக்கு எந்த வழி என்று கேளுங்கள். கடல் திடீரென்று உள்வாங்கினால் பார்க்கப் போகாதீர்கள்.

வேறொன்றும் எழுத மனமில்லை.

ஜனவரி 7

வாய் கொஞ்சம் தெற்கே நகர்ந்திருக்கிறது. வாடை மணலைத் தள்ளுகிறது.

ஜனவரி 20

கோமாரிப் பக்கம் கரையில் கறுப்புப் பட்டைகள். எண்ணெய் கசிந்ததோ என்று பயப்படுகிறார்கள். இல்லை, பலத்த கடலுக்குப் பின் இப்படித்தான். குவாட்ஸ் மணலின் அடர்த்தி 2.65, இல்மனைட் என்ற கறுப்புத் தாதினது 4.7 அளவு. அலை இலேசானதை இழுத்துப் போக, கனமானது தங்கிவிடும். கறுப்புக்குள் இளஞ்சிவப்பு மினுங்கினால் அது கார்னெட் என்ற கனிமம். ஒரு காந்தத்தைப் பொலித்தீன் பையால் சுற்றி மணலுக்கு மேலே பிடியுங்கள்: துள்ளி ஒட்டுவது மக்னடைற் என்ற இரும்புத் தாது, வலுவான காந்தத்துக்கு மட்டும் மெல்ல அசைவது இல்மனைட். பையைக் கழற்றினால் மணல் தானே விழும், காந்தம் அழுக்காகாது. பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள். அந்தக் கனமும் சேர்ந்துதான் கரையைப் பிடித்து வைத்திருக்கிறது.

ஜனவரி 22

உகந்தை மலையின் சுனைகள் நிரம்பியிருக்குமாம். பாறையிலுள்ள பெல்ஸ்பார் என்ற கனிமம் மழைநீரில் உக்கிக் களியாகி, அது கழுவப்பட்டுப் பள்ளமாகி, பள்ளத்தில் தண்ணீர் நின்று மேலும் உக்க வைக்கும். கல்லில் பெயர் வெட்டாதீர்கள். பாணமைக்கு அப்பால் கிரவல் வீதி. மழை விட்டுச் சில நாள் கழித்து உயரமான வாகனத்தில் போவதே நல்லது.

பெப்ரவரி 5

ஹேர்மிஸ் கப்பலைச் சுழியோடிப் பார்க்க இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். 1942 ஏப்ரல் 9 யப்பானிய விமானங்கள் மூழ்கடித்த விமானந்தாங்கி. 53 மீற்றரளவு ஆழத்தில் கிடக்கிறது. சாதாரண சுழியோடிகளுக்கு எல்லை 40 மீற்றர். தொழில்நுட்பச் சுழியோட்டப் பயிற்சிச் சான்று இல்லாதவரைக் கூட்டிப் போகிறேன் என்று யாராவது சொன்னால் அவரோடு போகாதீர்கள். ஏப்ரலுக்கு முன் கடல் தெளியாது. படகுக்காரரிடம் கேட்க வேண்டியது விலையை அல்ல, படகில் ஒட்சிசன் இருக்கிறதா, மேலேறும்போது நிறுத்தங்களுக்குக் கயிறு போடுவாரா என்பதைத்தான்.