தொடைக்குள் இரண்டு சிரைகள்

பாடப்புத்தகப் படத்தில் ஒரே ஒரு தொடைச் சிரைதான் (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) இருக்கும். நிஜத்தில் எல்லாக் கால்களும் அப்படி இருப்பதில்லை. தொடைச் சிரையும், முழங்காலுக்குப் பின்னால் இருக்கும் சிரையும் பலருக்கு இரட்டையாக இருக்கின்றன. கொஞ்ச தூரம் பிரிந்து ஓடி மறுபடி சேர்ந்துகொள்ளும். இது நோய் இல்லை, பயப்பட ஒன்றுமில்லை.

ஆனால் ரத்தக்கட்டி தேடும்போது ரொம்ப முக்கியம். ஸ்கேன் கருவியால் அழுத்தினால் நல்ல சிரை தட்டையாகிவிடும். கட்டி அடைத்த சிரை அமுங்காது. இரண்டில் ஒன்று நன்றாக அமுங்கியதும் சரி என்று நகர்ந்துவிட்டால், பக்கத்துச் சிரையில் இருக்கும் கட்டி கண்ணில் படாமலே போகலாம். நுரையீரல் வரை போய் உயிரையே பறிக்கக்கூடிய கட்டி அது! ஸ்கேன் செய்பவர்கள் தயவுசெய்து கருவியைக் குறுக்குவாட்டில் வைத்து இன்னொன்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அறிக்கையிலும் எழுதிவிடுங்கள், அடுத்து பார்ப்பவருக்கு உதவும்.