18 இன்ச் கிக்கோடு கிரேடு தேர்வு: எந்த ஹெட் போடுவது?

டிரம்ஸ் கிரேடு தேர்வின் ரிசல்ட் வந்துவிட்டது, மெரிட். டிஸ்டிங்ஷன் கைநழுவியதில் கடுப்பு இருக்கத்தான் செய்கிறது, ஆனால் தேர்வாளர் குறிப்பில் பேஸ் டிரம் (காலால் பெடலை மிதித்து அடிக்கும் டிரம், கிக் என்பதும் இதுதான்) ஒலி தெளிவாக, டிரம் கிட்டின் மற்ற ஒலிகளோடு அளவாகச் சேர்ந்து வந்திருக்கிறது என்று ஒரு வரி இருந்தது பாருங்கள், அதைப் படித்ததும் பாதிக் கடுப்பு போய்விட்டது. வீடியோ எடுத்து அனுப்பும் தேர்வுக்கு 18 இன்ச் கிக்கை வைத்தா வாசிக்கப் போகிறாய், பேசாமல் 22 இருக்கும் ஸ்டூடியோவை வாடகைக்கு எடு என்று கேட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். எடுக்கவில்லை. கால் பழகிய பெடலையும் உட்கார்ந்து பழகிய உயரத்தையும் விட்டுவிட்டு, தெரியாத கிட்டில் ஒரே டேக்கில் வாசிப்பதைவிட ஹெட்டை (டிரமின் மேல் இழுத்துப் பூட்டும் சவ்வு) மாற்றிப் பார்ப்பதே மேல் என்று தோன்றியது.

பாட்டு எப்படித் தேர்ந்தெடுப்பது, மதிப்பெண் எப்படிப் பிரியும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதற்குள் நான் போகவில்லை. சின்ன பேஸ் டிரமுக்கு ஹெட் எடுப்பது பற்றி மட்டும்.

முதல் விஷயம், எனக்கு இதுதான் எல்லாமே: முன் ஹெட்டை முதலில் முடிவு செய்யுங்கள். எல்லோரும் பேட்டர் ஹெட்டை, அதாவது பெடல் அடிக்கும் பக்கத்து ஹெட்டைப் பற்றியே மணிக்கணக்கில் பேசுவார்கள், முன்னால் இருப்பது லோகோ ஒட்டும் இடம் என்பது போல விட்டுவிடுவார்கள். 16, 18 இன்ச் டிரமில் நாதம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை முன் ஹெட்தான் தீர்மானிக்கிறது. கொஞ்ச நேரமாவது நின்றால்தான் காதுக்கு அது கீழ் ஸ்வரமாகப் படும், உடனே அறுந்தால் வெறும் தட்டல்.

இங்கேதான் பெரிய டிரமுக்கான அறிவுரை நம்மைக் கெடுக்கிறது. இரண்டு அடுக்கு ஹெட், அதில் ஒட்டிய வளையம், உள்ளே தலையணை, முன்னால் பெரிய ஓட்டை, இந்தக் கூட்டணி 22 இன்ச்சில் வரும் அதிகப்படியான முழக்கத்தைக் குறைப்பதற்கு. 18-ல் குறைக்க அவ்வளவு முழக்கம் எங்கே இருக்கிறது? இருக்கிற கொஞ்சத்தையும் தலையணை குடித்துவிடும். நான் படித்த வகுப்பில் எந்த கிட்டைத் திறந்தாலும் உள்ளே ஒரு தலையணை இருக்கும், ஏன் என்று கேட்டால் "கிக் என்றால் அப்படித்தான்" என்பார்கள். அந்தப் பதிலை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது.

அதற்கு மேல் நாம் அனுப்புவது ரெக்கார்டிங். போனிலோ சாதாரண கேமராவிலோ இருக்கும் மைக் ஆழமான ஒலியைச் சரியாகப் பிடிக்காது, ஒலியின் நடுப்பகுதியைத்தான் பிடிக்கும். நன்றாக அடைத்த கிக் நேரில் வயிற்றில் குத்தும், வீடியோவில் அட்டைப்பெட்டியைத் தட்டுவது போலக் கேட்கும். திறந்து ஒலிக்கும் சின்ன டிரமில் நடுப்பகுதி நிறைய இருப்பதால் அதே மைக்கில் அது ஒரு ஸ்வரத்தோடு வருகிறது. சின்ன டிரமுக்கு இது லாபம், யாரும் சொல்வதில்லை.

என் முன் ஹெட்: கோட்டட் (மேலே சொரசொரப்பான பூச்சு உள்ளது), ஒற்றை அடுக்கு, 10 மில் (ஒரு மில் என்றால் இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு), ஓட்டை இல்லாதது. ரெமோ அம்பாசடர், ஈவன்ஸ் ஜி1 இரண்டும் இந்த வகைதான். ஓட்டை வேண்டுமென்றால் நாலு இன்ச்சுக்குள், நடுவில் இல்லாமல் ஓரமாக. 18 இன்ச்சில் பெரிய ஓட்டை போட்டால் முன்னால் ஹெட் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

ஆனால் ஓட்டை இல்லாத டிரமுக்குக் காலும் பழக வேண்டும். உள்ளே இருக்கும் காற்றுக்குப் போக்கிடம் இல்லை, அதனால் பீட்டரை (பெடலில் இருக்கும், ஹெட்டை அடிக்கும் சுத்தி) திருப்பித் தள்ளும். மிதித்துவிட்டு பீட்டரை ஹெட்டிலேயே அழுத்தி வைக்கும் பழக்கம் இருந்தால் "டுர்ர்" என்று ஒரு சின்ன நடுக்கம் கேட்கும், ரெக்கார்டிங்கில் அது இன்னும் பளிச்சென்று தெரியும். அடித்த கையோடு பீட்டரை விட்டுவிட வேண்டும். இது பிடிக்காதவர்கள் சின்ன ஓட்டை உள்ள ஹெட்டுக்குப் போய்விடுங்கள், தேர்வுக்குச் சில வாரம் முன்னால் கால் பழக்கத்தை மாற்றப் போகாதீர்கள். எனக்கு மெதுவாக வாசிக்கும் பாட்டுகள்தான் பிடிக்கும், அதனால் இது ஒத்துவந்தது. வேகமான மெட்டல் பாட்டு வைத்திருப்பவர்கள் என் பேச்சைக் கேட்க வேண்டாம்.

அப்புறம் பேட்டர் ஹெட். நான் போட்டது கோட்டட் ரெமோ பவர்ஸ்ட்ரோக் 3. ஒற்றை அடுக்கு, ஓரத்தில் அடிப்பக்கமாக மெல்லிய வளையம் ஒட்டியிருக்கும், மேல் சுருதிச் சத்தத்தை அதுவே ஓரளவு அடக்கிவிடும். ஈவன்ஸ் ஈக்யூ4 கிட்டத்தட்ட இதே யோசனை. பாட்டு லிஸ்டில் ராக்கும் ஜாஸும் கலந்து இருந்தால் ஈவன்ஸ் ஈமேட் பாருங்கள்: ஸ்பாஞ்ச் வளையம் வெளிப்பக்கம், அகலம் வேறுபட்ட இரண்டு வளையம் கூடவே வரும், ஹெட்டைக் கழற்றாமலே மாற்றலாம், இரண்டையும் எடுத்துவிடவும் செய்யலாம். அக்வேரியன் சூப்பர்கிக் 2 போன்ற இரண்டு அடுக்கு ஹெட்டை எடுத்தால் அதில் இருக்கும் ஃபெல்ட் வளையமே தாராளம், உள்ளே வேறு எதையும் திணிக்காதீர்கள். ராக் மட்டும் வாசிப்பவர்களுக்கு இதுவும் சரிதான்.

அவ்வளவு முழக்கம் வேண்டாம் என்பவர்களுக்குத் தலையணைக்குப் பதில் ஃபெல்ட் பட்டை. இரண்டு மூன்று இன்ச் அகலத்தில், டிரமின் குறுக்கே, நடுவை விட்டுத் தள்ளி, விளிம்பின் மேல் இழுத்துப் பிடித்து அதன் மேல் ஹெட்டை உட்கார வைக்க வேண்டும். ஹெட்டை இறுக்கும் வெளி வளையம் இறங்கும்போது பட்டை சுருங்கும், அதைக் கவனித்து ஒரு கையால் இழுத்துக்கொண்டே இருந்தால் மடிப்பு விழாது. வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைக் கடைசியில் வெட்டிக்கொள்ளலாம். நாதத்தின் வால் மட்டும் குறையும், உடம்பு அப்படியே இருக்கும்.

வாங்கும் முன்னும் மாட்டும்போதும்:

– 16, 18 இன்ச்சில் ஃப்ளோர் டாம் ஹெட்டும் உண்டு, பேஸ் டிரம் ஹெட்டும் உண்டு. விட்டம் ஒன்றுதான், ஹெட்டின் ஓர வளையம் வேறு. ஆர்டர் செய்யும்போது பேஸ் டிரம் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.
– பழைய ஹெட்டைக் கழற்றியதும் டிரம் விளிம்பைத் துணியால் துடையுங்கள். விரலால் ஒரு சுற்று தடவிப் பார்த்தால் பள்ளம் இருந்தால் தெரிந்துவிடும். அங்கே பள்ளம் இருந்தால் எந்த ஹெட்டும் ஒழுங்காகச் சுருதி சேராது.
– ஹெட்டை இறுக்கும் எல்லா ராடையும் முதலில் கையால் முறுக்குங்கள். பிறகு டிரம் கீயால், எதிரெதிராக.
– பேட்டர்: சுருக்கம் மறையும் வரை, அதற்கு மேல் கொஞ்சம். முன் ஹெட் அதைவிடச் சற்று இறுக்கம்.
– ஒவ்வொரு லக்குக்கும் (ராட் பூட்டும் இடம்) பக்கத்தில் தட்டி எல்லாம் ஒரே சுருதியா என்று கேளுங்கள். இன்னொரு ஹெட்டில் கையை வைத்து அமுக்கிக்கொண்டு தட்டினால் குழப்பம் இல்லை.
– புது ஹெட் முதல் நாட்களில் சுருதி இறங்கும். தேர்வு வீடியோ எடுக்கும் அன்று புதுசு மாட்டாதீர்கள்.

பெடலைப் பற்றி ஒன்று. சின்ன டிரமை அப்படியே தரையில் வைத்து பெடலைப் பூட்டினால் பீட்டர் நடுவில் படாது, மேல் விளிம்பை ஒட்டிப் படும், ஒலி மெலிந்துவிடும். இதற்கு ஹெட்டைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. லிஃப்ட் (டிரமுக்கு அடியில் வைக்கும் தாங்கி) வைத்து டிரமைத் தூக்குங்கள். லிஃப்ட் இல்லையென்றால் பீட்டர் கம்பியைக் கீழே இறக்கலாம், ஆனால் மிதிக்கும் உணர்வு மாறும், அதோடு பழகத் தனியாக நேரம் வேண்டும்.

ரெக்கார்டிங்குக்கு போனை கிக்குக்கு நேர் முன்னால் வைக்காதீர்கள். கொஞ்சம் தள்ளி, உட்கார்ந்திருப்பவரின் தலை உயரத்துக்கு வைத்தால் சிம்பலும் கிக்கும் ஒன்றை ஒன்று விழுங்காது. பாதி வேகத்தில் ஒரு டேக் எடுத்து ஹெட்போனில் கேட்டுவிட்டு முன் ஹெட்டைக் கால் சுற்று கூட்டியோ குறைத்தோ பாருங்கள். நான் கடைசியாகத் தொட்டது அந்தக் கால் சுற்றைத்தான், பேட்டர் பக்கம் போகவே இல்லை.

பீட்டர் படும் இடத்தில் ஒட்டும் பேட்ச் தேவையா என்று சிலர் கேட்டிருந்தார்கள். ஃபெல்ட் பீட்டர் என்றால் மெல்லியது ஒன்று போதும், கோட்டிங் தேயாமல் இருக்கும். மரம், பிளாஸ்டிக் பீட்டர் என்றால் கட்டாயம் ஒட்டுங்கள். கெட்டியான பேட்ச் "டிக்" என்ற சத்தத்தைக் கூட்டும், மெட்டல் ஆட்கள் அதற்காகவே ஒட்டுவார்கள். டபுள் பெடல் என்றால் இரண்டு பீட்டருக்கும் சேர்ந்த அகலமான பேட்ச் தனியாக வருகிறது, அதை வாங்குங்கள்.