தனுஷ்கோடியில் ஒரு பீடம்

டிசம்பர் 22 காலையில் தங்கச்சிமடம் வேர்க்காட்டுச் சந்தியாகப்பர் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஜூலைத் திருவிழாவில் கால் வைக்க இடமிருக்காது. இப்போது கடற்காற்றும், கிறிஸ்துமஸ் குடில் கட்டிக்கொண்டிருந்த நாலைந்து பேரும்தான். திருவாடானைப் பக்கத்திலிருந்து வந்த வைக்கோல் ஒரு கட்டு, ஓரமாய்ச் சாய்த்துவைத்த சவுக்குக் கிளை, பாதி ஒட்டிய மூங்கில் நட்சத்திரம்.

என் மகள் நேரே குடிலுக்குள் எட்டிப் பார்த்தாள். "தாத்தா, தொட்டியில பாப்பா இல்லையே?"

"இன்னும் பிறக்கலையேம்மா. 24 ராத்திரி பூசையிலதான் வருவாரு" என்றார் கோயிலில் மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கிற உபதேசியார். கையிலிருந்த மாட்டுப் பொம்மையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "தம்பி, சுவிசேஷத்துல மாடும் கழுதையும் கிடையாது, கவனிச்சிருக்கீங்களா?"

நான் கவனித்ததில்லை. பைபிளில் எசாயா நூலின் முதல் அதிகாரத்தை அவர் சொன்னார். காளை தன் உடைமையாளனை அறியும், கழுதை தன் தலைவனின் தீவனத்தொட்டியை அறியும், என் மக்களோ என்னை அறியவில்லை என்று ஆண்டவர் வருந்துகிற இடம். அந்த வருத்தத்தைத்தான் வருஷா வருஷம் பொம்மையாக வைத்துக்கொண்டிருக்கிறோம். எனக்குச் சுருக்கென்றது.

நட்சத்திரத்துக்கு எங்கள் கடற்கரையில் விளக்கமே வேண்டாம். விடிவெள்ளி பார்த்துக் கரை திரும்பிய பாட்டன்மாரின் பேரப்பிள்ளைகள் நாங்கள். குழந்தை இயேசுவைத் தேடிப் போன ஞானிகளுக்கு வழி காட்டியதை வாசலில் உயரக் கட்டுவது இங்கே அலங்காரமாகத் தெரியாது. கிறிஸ்துமஸ் மரமாக வைக்கிற சவுக்குக் கிளைக்கும் கதை உண்டு. பழைய ஐரோப்பாவில் டிசம்பர் 24 ஆதாம் ஏவாள் நாள். ஏதேன் தோட்டத்து மரமாக ஒரு பசுமரத்தில் ஆப்பிள் கட்டி நாடகம் போட்டார்கள். நாம் கட்டும் சிவப்புப் பந்துகள் அந்தப் பழங்களின் வழிவந்தவை. வாழ்த்து அட்டைகளில் சிவப்புப் பழத்தோடு வருகிற முள்ளிலை (ஹோலி), இயேசுவின் முள்முடியும் ரத்தமுமாம். அதை நான் கண்ணால் பார்த்ததில்லை. எங்கள் உடைமுள்ளை நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அன்று முழுக்க மனசில் நின்றது தொட்டிதான். 1223இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் அசிசி பிரான்சிஸ் குடில் அமைத்தபோது, வைக்கோல் நிரப்பிய தீவனத்தொட்டியையும் நிஜமான மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து வைத்தார். அந்தத் தொட்டியின் மேல்தான் பூசை நடந்தது. தொட்டியே பீடம். தீனி வைக்கும் இடத்தில் கிடத்தப்பட்ட பிள்ளை, பின்னால் 'உயிருள்ள உணவு நானே' என்றார். பிறந்த ஊர் பெத்லகேம். எபிரேயத்தில் அப்ப வீடு என்று பொருள்.

அப்புறம் மதியம் தனுஷ்கோடிக்குப் போனோம்.

1964 டிசம்பர் 22 இரவில் அடித்த புயலில் அழிந்த ஊர். நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களோடு ஒரு ரயிலையும் கடல் கொண்டுபோனது. அங்கிருந்த பவளக்கல் கிறிஸ்தவக் கோயிலின் சுவர்கள் மட்டும் நிற்கின்றன. கூரை இல்லை. உள்ளே முழுக்க மணல். கோடியில் பீடம் இருந்த மேடு. கிறிஸ்துமஸுக்கு மூன்றே நாள் இருந்த இரவு அது. உள்ளே ஒரு குடில் பாதி கட்டிய நிலையில் இருந்திருக்குமோ, பிள்ளைக்காகத் தொட்டி காலியாகக் காத்திருந்திருக்குமோ என்று நினைத்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது.

சுற்றிலும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கைபேசியை எடுக்க மனசு வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அந்த மேட்டின் முன்னால் மணலில் முழந்தாள் போட்டேன். காலையில் ஒட்டிய வைக்கோல் துணுக்கு ஒன்று மகளின் பாவாடையில் அப்படியே இருந்தது.

"யாருக்கு ஜெபிக்கிறோம்ப்பா?"

"அன்னைக்கு ராத்திரி இங்க இருந்தவங்களுக்கு."

செபமாலையை எடுத்தேன். அதில் தியானிக்கிற சந்தோஷ தேவ இரகசியங்களில் மூன்றாவது, இயேசுவின் பிறப்பு. பத்து மணிகளையும் அவளே உருட்டினாள். காற்றின் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை, அவள் குரல் கேட்டது.