வளர்ற பிள்ளை, மடிப்பு வச்சுத் தைங்க

எங்கள் வீட்டில் பிள்ளைத்துணி இருப்பது பீரோவில் இல்லை, ஐஸ் பெட்டியில். மூடி விரிசல் விட்டதால் படகிலிருந்து கழித்துவிட்ட பெட்டி அது. எலுமிச்சம்பழத் தோலைப் போட்டுத் தேய்த்து மூன்று நாள் வெயிலில் வைத்த பிறகு மீன் வாடை போனது. முழுசாகப் போகவில்லை என்பார் என் மாமி. பாம்பன் காற்றில் இரும்பு பீரோ துருப்பிடிக்கும், ஐஸ் பெட்டிக்கு அந்தக் கவலை இல்லை. எலியும் நுழையாது.

போன வாரம் அந்தப் பெட்டியைத் திறந்தேன். தங்கைக்கு ஏழாம் மாதம். "என்னென்ன வாங்கணும்க்கா, லிஸ்ட் போட்டுக் கொடு" என்று கேட்டிருந்தாள். எழுத உட்கார்ந்தால் வாங்காதே என்கிற லிஸ்ட்தான் நீளமாக வந்தது.

மூத்தவள் பிறந்தபோது நான் பண்ணிய கூத்தைச் சொன்னால்தான் அது புரியும். 2017. அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம். 16 பொருள் உள்ள குழந்தைகள் நலப் பெட்டகம் கொடுத்தார்கள். துண்டு, சட்டை, சின்ன மெத்தை, கொசுவலை, எண்ணெய், சோப்பு என்று முதல் வாரத்துக்கு அதுவே போதும். நான் அதோடு நின்றேனா? ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் போய் 11 சட்டை வாங்கி வந்தேன். எல்லாம் பிறந்த குழந்தை அளவு. சிலவற்றை நான்கு முறை போட்டிருப்பேன். இரண்டு, மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தன.

தடுப்பூசி போடப் போனபோது நர்ஸ் அக்கா அட்டையில் எழுதியதை இப்போது எடுத்துப் பார்த்தேன். பிறக்கும்போது 50 சென்டிமீட்டர். முதல் பிறந்தநாளுக்கு 75. என் மகள் ஒன்றும் அதிசயமாக வளர்ந்துவிடவில்லை, பெரும்பாலான பிள்ளைகள் ஏறக்குறைய இப்படித்தான். எடை ஐந்து மாதம் வாக்கில் இரட்டிக்கும், வருஷம் திரும்பும்போது மூன்று மடங்காகும். இரண்டாவது வருஷம் உயரம் கூடுகிற வேகம் பாதியாகக் குறைந்துவிடும். ஆக, காசு கொடுத்து வாங்குவதென்றால் ஒரு வயசுக்கு மேல் வாங்கு. அதற்குக் கீழே இரவல்தான் சரி.

இரவல் என்றதும் தங்கை முகம் சுண்டிவிட்டது. "முதப் பிள்ளைக்குப் பழசையா போடுறது?" என்றாள். எங்கள் பக்கம் பிறந்த பிள்ளைக்கு முதலில் பழந்துணிதானே போடுகிறோம்? மாமியைக் கேட்டால் கண்ணு படும் என்று காரணம் சொல்வார். எனக்குத் தெரிந்த காரணம் கஞ்சி. புதுத்துணியில் கஞ்சியும் சாயமும் மொடமொடவென்று இருக்கும். இருபது முறை துவைத்த துணி அப்படி இருக்காது, பிள்ளை தோலில் உறுத்தாது. வீட்டுக்காரருடைய பழைய நாலு முழ வேட்டி ஒன்றைக் குறுக்கே நாலு, நெடுக்கே ரெண்டு என்று கிழித்தால் எட்டு மூத்திரத் துணி. ஓரம் அடிக்கக்கூட வேண்டாம். கடையில் விற்கும் டயப்பர் இரவுக்கும், பஸ்ஸில் ராமநாதபுரம் போகிற நாளுக்கும் போதும். ஐப்பசி கார்த்திகை மழையில் மட்டும் இந்தக் கணக்கு உதைக்கும், துணி காயாது. அப்போது இன்னும் இரண்டு வேட்டியைக் கிழிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரவல் வாங்குவதிலும் எனக்கு இரண்டு விதிவிலக்கு உண்டு. ஜட்டி வாங்க மாட்டேன். செருப்பும் வாங்க மாட்டேன், ஒரு பிள்ளையின் காலுக்குத் தேய்ந்த செருப்பு இன்னொரு காலுக்குச் சரியாக உட்காராது. மற்றதெல்லாம் வரட்டும். வந்ததும் பட்டனை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துவிடுவேன். தொங்குகிற பட்டன் பிள்ளை வாய்க்குத்தான் போகும். கழுத்தில் நீளமாக நாடா இருந்தால் வெட்டிவிடுவேன்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. டிச் பட்டன், அதாவது அழுத்தி மாட்டும் உலோகப் பட்டன், வைத்த சட்டை பார்க்க லட்சணமாக இருக்கும். ஒரே வருஷத்தில் உப்புக்காற்று அதை என்ன பாடு படுத்துகிறது என்று பாருங்கள். மூத்தவளின் மஞ்சள் சட்டை ஒன்று கையில் இருக்கிறது. பட்டன் இருந்த நான்கு இடத்திலும் காசு அளவுக்குப் பழுப்பு வட்டம். எலுமிச்சையும் உப்பும் வைத்துத் தேய்த்ததில் மூன்று மங்கிவிட்டது, நாலாவது போகவே இல்லை. அதன் மேல் ஒரு துணிப்பூ தைத்திருக்கிறேன். நாடா கட்டுகிற ஜப்லாவுக்கு இந்தத் தொல்லை கிடையாது, விலையும் குறைவு. நைலான் கவுனைப் பற்றிப் பேசவே வேண்டாம். சித்திரை வெயிலில் அதைப் போட்டால் சாயங்காலம் கழுத்தெல்லாம் வேர்க்குரு.

தள்ளுபடியில் நான் ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். மதுரையில் ஒரு கடையில் மூன்று உல்லன் செட் 899 ரூபாய். மகனுக்கு அப்போது நாலு மாதம். வளர்ந்தால் போடலாம் என்று ஒரு வயசு அளவில் வாங்கினேன். வளர்ந்தான். ஒரு வயசானது மே மாதத்தில். பாம்பனில் மே மாதம் உல்லன்! கடையில் நிற்கும்போது அளவை மட்டும் பார்த்தேனே தவிர, அந்த அளவு எந்த மாதத்தில் வரும் என்று விரலை மடக்கிப் பார்க்கவில்லை. மூன்று செட்டும் இப்போது தலையணைக்குள் இருக்கின்றன. நல்ல தலையணை.

எங்களைப் போன்ற மீன்பிடி வீடுகளுக்கு எதை வாங்குவது என்பதைவிட எப்போது வாங்குவது என்பதுதான் பெரிய கேள்வி. ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை விசைப்படகு மீன்பிடிக்கப் போகத் தடை. முன்பு 45 நாளாக இருந்ததை 2017இல் 61 நாளாக்கிவிட்டார்கள். படகு கரையில் நின்றால் வீட்டுக்காரருக்குப் பங்கு கிடையாது. அந்த நேரம் பார்த்து ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும். சத்துணவில் இருக்கும் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரை நாலு செட் சீருடை அரசே கொடுப்பதால் கொஞ்சம் மூச்சு விடலாம். மற்ற துணிக்குக் கடைக்குப் போவதை நான் ஈஸ்டரோடு நிறுத்திவிடுவேன். ஈஸ்டருக்கு எடுக்கும் உடுப்பு ஒரு நம்பர் பெரிசு. கடையில் 16, 18, 20 என்று சொல்வது தோளிலிருந்து கீழ் ஓரம் வரை அங்குலக் கணக்கு. 16 சரியாக இருக்கிறது என்றால் 18ஐ எடுத்துவந்து நானே இரண்டு அங்குலம் உள்ளே பிடித்துத் தைத்துவிடுவேன்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது எங்கள் தெருமுனையில் இருந்த டெய்லர். அம்மா எனக்குப் பாவாடை தைக்கக் கொடுக்கும்போதெல்லாம் சொல்வது ஒன்றே ஒன்றுதான். "வளர்ற பிள்ளை, மடிப்பு வச்சுத் தைங்க." அவர் மூன்று அங்குலம் உள்மடிப்பு வைத்து, இடுப்புக்குக் கீழே இரண்டு டக் பிடித்து, அதைத் தைக்க மட்டும் பெரிய பெரிய தையலாகப் போடுவார். பிரிக்க சுலபம் என்று.

நேற்று மகளின் நீலக் கவுனில் மடிப்பைப் பிரித்தேன். எமனேஸ்வரம் கைத்தறிச் சேலையில் தைத்தது. கீழ்க்கரை நைந்துபோன சேலை, முந்திப் பக்கம் இன்னும் நன்றாக இருந்ததால் அந்தப் பக்கம் வெட்டினேன். பிளேடு முனையால் மூன்று தையலுக்கு ஒன்று என்று அறுத்து, நூல் நுனியைப் பிடித்து இழுத்தால் சர்ரென்று வந்துவிடும். மடிப்பு விரிந்ததும் அடியில் ஒரு பட்டை கருநீலமாகத் தெரிந்தது. மேலே வெயிலில் வெளுத்துவிட்டது, உள்ளே வெயில் படவில்லை. மடிப்பு இருந்த கோட்டில் அழுக்கு வேறு, எத்தனை துவைத்தாலும் போகாது. அந்தக் கோட்டின் மேலேயே வெள்ளை லேஸ் ஒன்றை ஓட்டிவிட்டேன். மீட்டர் பன்னிரண்டு ரூபாய். "புதுக் கவுனாம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

உண்மையில் காசு கரைவது தினம் போடும் துணியில் இல்லை, ஒரே நாள் போடும் துணியில்தான். ஞானஸ்நானம், முதல் பிறந்தநாள், கல்யாண வீடு. ஞானஸ்நான உடுப்பு ஞானத்தாய் எடுக்க வேண்டும் என்பது வழக்கம். மகனுக்கு என் மதினிதான் ஞானத்தாய். 1,800 ரூபாயில் ஒரு வெள்ளைக் கவுனை போனில் காட்டினார். எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, மாமியின் மூத்த மகள் வழிப் பிள்ளைகளிலிருந்து தொடங்கி ஒன்பது பிள்ளைகள் போட்டது. எப்படிச் சொல்வது? இரண்டு நாள் யோசித்து, "மதினி, கவுன் இருக்கு. அந்தக் காசுல என் தையல் மிஷினுக்கு மோட்டார் வாங்கிக் குடுங்களேன்" என்று கேட்டேவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "ஊர்ல கேட்டா மோட்டார் போட்டு ஞானஸ்நானம் குடுத்தேன்னா சொல்றது?" என்றார். அப்புறம் வாங்கிக் கொடுத்தார். ஆனாலும் மனசு கேட்காமல் ஒரு ஜோடி வெள்ளை சாக்ஸும் வாங்கி வந்தார். அதுவும் பெட்டியில் இருக்கிறது.

ஒன்பது பிள்ளைகள் போட்ட அந்தப் பழைய கவுனின் அளவு ஒன்றுதான், ஒரு மாதப் பிள்ளையும் ஆறு மாதப் பிள்ளையும் அதைத்தான் போட்டிருக்கிறார்கள். முதுகுப்பக்கம் பட்டன் இல்லை, நாடாதான். சின்னப் பிள்ளை என்றால் இறுக்கிக் கட்டு, பெரிய பிள்ளை என்றால் தளர்த்து. உள் ஓரத்தில் வெள்ளை நூலாலேயே ஒவ்வொரு பிள்ளையின் பெயர் முதல் எழுத்தும் இருக்கிறது, வெளியே தெரியாது.

தங்கை இன்னும் முழுசாகச் சம்மதிக்கவில்லை. ஜப்லாவையும் வேட்டித் துணியையும் எடுத்துக்கொண்டாள், கவுனை அப்புறம் பார்க்கலாம் என்றாள். சரி, பார்க்கட்டும். அதற்குள் மண்டபத்திலிருந்து சித்தி மகள் கேட்டிருக்கிறாள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு. இடது நாடா பாதி நைந்து தொங்குகிறது. இன்று கரண்ட் போவதற்குள் மாற்றியாக வேண்டும்.