ஐலன் மோர் லைட்ஹவுஸ் மாடல்: பாறை முடிஞ்சுது, லைட்டும் எரியுது

ஸ்காட்லாந்துல லூயிஸ் தீவுக்கு மேற்கே சுமார் 32 கிமீ தள்ளி நடுக்கடல்ல ஃபிளானன் தீவுகள்னு ஒரு கூட்டம் இருக்கு, அதுல பெருசு ஐலன் மோர், அங்க இருக்குற லைட்ஹவுஸைத்தான் 1:200 ஸ்கேல்ல பண்ணிட்டு இருக்கேன். டேவிட் ஆலன் ஸ்டீவன்சன் டிசைன், 1899 டிசம்பர் 7 அன்னிக்கு விளக்கை முதல்ல ஏத்துனது.

டவர் வெறும் 23 மீட்டர், மாடல்ல பன்னெண்டு செமீ கூட வராது. பிவிசி பைப்பை உப்புத்தாள் போட்டு தேச்சு வெள்ளை அடிச்சாச்சு, அவ்ளோதான். ஆனா விளக்கு இருக்குறது கடல் மட்டத்துலேர்ந்து 101 மீட்டர் மேல! மிச்ச உயரம் பூரா பாறை குடுக்குறது, அதனால பாறை இல்லாம டவரை மட்டும் ஷெல்ஃப்ல வச்சா அது இந்த லைட்ஹவுஸே இல்லன்னு நினைக்குறேன்.

தெர்மாகோலை அடுக்கடுக்கா பெவிகால் போட்டு ஒட்டி, செதுக்கி, மேல பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசி, அது இறுகுறதுக்குள்ள பழைய டூத் பிரஷ்ஷால குத்திக் குத்தி பாறை முகம் கொண்டு வந்தேன். உச்சில புல்லுக்கு பச்சை ஏத்துன மரத்தூள்.

1900 டிசம்பர்ல இங்க வேலை பார்த்த ஜேம்ஸ் டக்கட், தாமஸ் மார்ஷல், டொனால்ட் மெக்ஆர்தர் மூணு பேரும் காணாம போனாங்க, 26ஆம் தேதி ஹெஸ்பெரஸ் கப்பல் போனப்போ தீவுல ஆளே இல்ல. விசாரிக்கப் போன மியூர்ஹெட், மேற்கு இறங்குதுறைல 110 அடி உயரத்துல இருந்த, கயிறு வைக்கிற பெட்டி அலை அடிச்சு உடைஞ்சு சிதறிக் கெடந்துச்சுன்னு எழுதியிருக்கார். நம்ம ஸ்கேலுக்கு அது கிட்டத்தட்ட 17 செமீ. அந்த உயரத்துல பென்சில் கோடு போட்டுட்டு தள்ளி நின்னு பார்த்தா டவரை விட உயரமா தண்ணி ஏறியிருக்கு, வயித்தைப் பிசைஞ்சிடுச்சு. கவுந்த நாற்காலி, பாதி சாப்பிட்ட சாப்பாடுன்னு சொல்றதெல்லாம் பின்னாடி சேர்த்த கதை, அந்த பெட்டி நிஜம். அதை குட்டியா பண்ணி கோட்டு மேலயே ஒட்டிட்டேன், கூடவே அங்க அலைல வளைஞ்சு கெடந்த கைப்பிடிக் கம்பிக்கு செம்புக் கம்பி.

லைட்டுக்கு அர்டுயினோ நானோன்னு புரோகிராம் போடுற குட்டி சர்க்யூட் போர்டு, ஒரு வெள்ளை எல்இடி. 30 செகண்டுக்கு ரெண்டு ஃபிளாஷ், அதுதான் இதோட அடையாளம். டப்புன்னு எரிஞ்சு அணைஞ்சா நல்லால்ல, சுத்துற லென்ஸ் நம்மளைக் கடந்து போற மாதிரி மெதுவா ஏறி இறங்கணும், அதுக்கு பிடபிள்யூஎம்ல (எல்இடியை ரொம்ப வேகமா ஆன் ஆஃப் பண்ணி வெளிச்சத்தை மாத்துற முறை) வெளிச்சத்தை படிப்படியா கூட்டிக் குறைச்சிருக்கேன்.

அடுத்து சாமான் இழுக்குற டிராம் தண்டவாளம், ரெண்டு இறங்குதுறைலேர்ந்தும் மேல ஏறணும்.